நாற்பத்தொன்றாம் பக்கம்

அந்தப் புத்தகத்தை இப்படிக் கொஞ்சம் கொடுங்க தங்கச்சி. பயப்படாதீங்க, நீங்க இறங்குறதுக்குள்ள தந்துருவேன். யாரோ எவனோ எதுத்த சீட்டுல இருந்துக்கிட்டுப் புத்தகம் கேக்கானேன்னு நினைக்காதீங்க. அந்த நீல அட்டையைப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது, என்ன செய்ய.

குளிர்பதன நிலைய இயக்குநர் கையேடு. ஆமா, இதேதான். ஐஸ் பேக்டரி, மீன் கம்பெனி, இங்கெல்லாம் அம்மோனியா மிஷின் ஓட்டுறதுக்கு அரசாங்கம் நடத்துற ஆறு மாசப் பயிற்சி, அதோட பாடப் புத்தகம். அட்டையில இருக்கிறது உங்க பேரா? பா. அருள்சீலி. நல்ல கையெழுத்து. இப்ப அட்டையைத் திருப்புங்க. உள்பக்கம், கீழே, எறும்பு ஊருற மாதிரி ஒரு வரி இருக்கும் பாருங்க. "மூலக் குறிப்புகள்: ஆ. தவசிமுத்து." இருக்கா?

அந்தத் தவசிமுத்து நான்தான்.

சிரிக்கீங்க. சிரிங்க. ராத்திரி ஷிப்ட் முடிச்சிட்டு வாற மூஞ்சியைப் பாத்தா யாருக்கும் நம்பிக்கை வராது. எங்க வீட்டுக்காரிக்கே வரலை. புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டுனேன், "இவ்வளவு சின்னதாவா போட்டிருக்காங்க, அரிசியில கல்லு பொறுக்குற மாதிரில்லா தேட வேண்டியிருக்கு"ன்னா. அதோட அவ படிச்சு முடிச்சாச்சு.

பேருக்குக் கீழே ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள ரெண்டு இங்கிலீஷ் எழுத்து. அதுதான் என்னைக் கவுத்தது. அதைச் சொல்லுதேன். உங்களுக்கு எங்க இறங்கணும், பயிற்சி மைய ஸ்டாப்பா? அப்ப நேரம் இருக்கு. ஆத்தூர் பாலம் தாண்டி ரோடு போடுதான், பஸ் ஊந்துதான் போகும். வீட்டுக்குப் போறதுன்னா நான் முள்ளக்காட்டுலயே இறங்கியிருக்கணும். இறங்கி என்ன செய்ய? பகல்ல தூக்கம் வாறதில்லை. சில நாள் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டு அதே பஸ்ஸுல திரும்பி வாறதுண்டு.

நீங்க முன்னாடி என்ன வேலை? இறால் உரிச்சீங்களா, பதினோரு வருஷமா? அப்ப எங்க குளிர் எப்படிப்பட்டதுன்னு உங்க விரலுக்கே தெரியும். அந்தக் குளிரை உண்டாக்குறவன் நான். இருபத்தி ரெண்டு வருஷம், அத்தனையும் ராத்திரி. எட்டாங்கிளாஸோட படிப்பு நின்னுபோச்சு. இங்கிலீஷ் படிச்சது எதுல தெரியுமா, கம்ப்ரசரோட வந்த புத்தகத்துல. பழைய பேப்பர் கடையில ஒரு டிக்சனரி வாங்கி, மணிக்கு ஒரு தரம் மீட்டரைப் பாத்து எழுதிட்டு, மிச்ச நேரத்துல ஒவ்வொரு வார்த்தையாத் தோண்டித் தோண்டிப் படிச்சேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு வாரம். அதுவும் ஒரு சுகம்தான். உலகமே தூங்குது, நீங்களும் அந்த மிஷினும் மட்டும் முழிச்சிருக்கீங்க.

நாலு வருஷம் முந்தி, ஒருநாள் ஷிப்ட் முடியுற நேரத்துல அந்த மேடம் வந்தாங்க. பிரிசில்லா மேடம். பயிற்சி மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர். நீங்க பாத்திருப்பீங்களே, உயரமா, கண்ணாடியைத் தலையில தூக்கி வச்சிருப்பாங்க. மாசம் ஒருதரம் வாறாங்களா இப்பவும்? ம்.

"சார், புத்தகமெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. வர்றவங்க பாதிப்பேர் பத்தாவதுதான். மிஷின் ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர் தமிழ்ல எழுதினா நல்லா இருக்கும். இங்க எல்லாரும் உங்க பேரைத்தான் சொல்றாங்க"ன்னாங்க.

சார். கேட்டீங்களா? நைட் ஷிப்ட்காரனை யாரும் கூப்பிடுறதே கிடையாது, மிஷின் நின்னாத்தான் கூப்பிடுவான், அதுவும் "ஏய் தவசி"ம்பான். அந்த ஒரு வார்த்தையில விழுந்தேன் நான்.

நாலு மாசம் எழுதினேன். கோடு போட்ட நீள நோட்டு நாலு. படமெல்லாம் ஸ்கேலு வச்சு நானே போட்டது. இந்தா பாருங்க, ஏழாம் பக்கம்: "கம்ப்ரசர் தூங்குகிற ஆள் மூச்சு விடுகிற மாதிரி ஓட வேண்டும். மூச்சு மாறினால் எழுந்து போய்ப் பார்." எந்த இஞ்சினியர் இப்படி எழுதுவான்? இந்தா, கேஸ் கசிவு: "மூக்கை வைத்துப் பார்க்காதே. கந்தகத் திரியைக் கொளுத்திக் காட்டு. எங்கே வெள்ளைப் புகை கிளம்புகிறதோ அங்கே ஓட்டை." பன்னிரண்டாம் பக்கம்: "மிஷின் ரூமுக்கு வெளியே பத்தடிக்குள் தண்ணீர்த் தொட்டி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். அம்மோனியா பட்டால் யோசிக்காதே, உள்ளே இறங்கு." எல்லாம் என் வரி. ஒரு எழுத்து மாத்தலை மேடம். அதுல குறை சொல்ல முடியாது.

நாப்பத்தொண்ணாம் பக்கம்... அது இருக்கட்டும், இப்ப வேண்டாம்.

எழுதி முடிச்சதும் ஒரு படிவத்துல கையெழுத்துக் கேட்டாங்க. வாசிச்சுக் காட்டுனாங்க, அதையும் சொல்லணும், ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டுனாங்க. "சார், இது மக்கள் வரிப்பணத்துல நடக்கிற திட்டம். இதுல உருவாக்குற பாடத்தைத் திறந்த உரிமத்துலதான் வெளியிடணும்னு விதி. அதுக்கு அடையாளமா உங்க பேருக்குக் கீழே ஒரு வட்ட முத்திரை வரும். நெட்டுல போடுவோம். யார் வேணும்னாலும் எடுக்கலாம், அச்சடிக்கலாம், மாத்தலாம், சேர்க்கலாம். உங்க பேரை மட்டும் எடுக்கக் கூடாது. சம்மதம்தானே சார்?" என் காதுல விழுந்தது பேரு மட்டும்தான். வாசிச்சுக் காட்டிட்டா ஆச்சா? கேக்கவன் மனசுல ஏறுச்சான்னு பாக்க வேண்டாமா? அதுதான் முதல் துரோகம்.

ரெண்டாவது துரோகம் இதைவிடப் பெருசு. எழுதிக்கிட்டு இருக்கும்போதே மேடம் சொன்னாங்க, "உங்களை மாதிரி ஒருத்தர் நேர்ல வந்து வகுப்பு எடுத்தா எப்படி இருக்கும் சார்"னு. நான் என்ன நினைப்பேன்? வாத்தியார் வேலை எனக்குத்தான்னு நினைப்பேனா மாட்டேனா? பகல் வேலை. வெளிச்சத்துல போயி வெளிச்சத்துல வாறது. ரெண்டு வெள்ளைச் சட்டை கூடத் தச்சேன். கடைசியில பாத்தா, பயிற்றுநருக்குச் சான்றிதழ் வேணுமாம். எட்டாங்கிளாஸ் ஆகாதாம்.

மேடம் என்ன வழி சொன்னாங்க தெரியுமா? "அனுபவத்துல வேலை கத்துக்கிட்டவங்களுக்குன்னு ஒரு தேர்வு இருக்கு சார். ஒருநாள்தான். நானே விண்ணப்பம் போட்டுட்டேன்." நான் கேட்டேன், "அதுக்கு எதைப் படிக்கணும்?" கொஞ்சம் தயங்குனாங்க. "உங்க புத்தகத்தைத்தான் சார்."

எப்படி இருக்கு? நான் எழுதுனதை எங்கிட்டயே கேட்டு எனக்கு மார்க் போடுவானாம். போக மாட்டேன்னுட்டேன். மூணு தரம் தேதி வாங்கி போன் பண்ணுனாங்க, நான் எடுக்கலை. வெள்ளைச் சட்டை ரெண்டும் பீரோவுல இருக்கு.

ரெண்டு டிக்கெட்டா, ஒண்ணுதான்யா, அந்த அம்மா ஏற்கெனவே எடுத்தாச்சு. எனக்குத் திருச்செந்தூர் ஒண்ணு.

எங்க விட்டேன்? ஆமா. புத்தகம் நெட்டுல போச்சு. போனா போன இடம் தெரியலை. கடலூருக்குப் போச்சு, நாகப்பட்டினத்துக்குப் போச்சு. கொல்லத்துக்காரன் மலையாளத்துலயே போட்டுட்டான். என் பேரு அதுல ஜிலேபி பிழிஞ்ச மாதிரி இருக்கு. எவன் எவனோ படிச்சு எங்கெங்கயோ வேலைக்குச் சேந்துட்டான். நான் மட்டும் அதே மீட்டரைப் பாத்து எழுதிக்கிட்டு அங்கேயே உக்காந்திருக்கேன்.

இங்கதான் ஒரு தொழில் வழக்கம் சொல்லணும் உங்களுக்கு. நீங்களும் இந்த லைனுக்கு வாறீங்க, தெரிஞ்சுக்கிடுங்க. நாங்க யாரும் எல்லாத்தையும் சொல்லிக் கொடுக்கிறதில்லை. ஒண்ணை மடியில வச்சுக்கிடுவோம். எனக்கு முன்னால பவுல்னு ஒரு அண்ணாச்சி இருந்தாரு. வாரத்துக்கு ஒருநாள் டேங்க் அடியில சேர்ற எண்ணெயை வடிக்கணும்லா, கம்ப்ரசர் எண்ணெய் கேஸோட கலந்து போயி அடியில தங்கிரும், அந்த வேலை வந்ததும் "தவசி, போயி டீ வாங்கிட்டு வா"ம்பாரு. மூணு வருஷம். நான் வாங்கிட்டு வாறதுக்குள்ள வடிச்சு முடிச்சிருப்பாரு. ஒருநாள் டீயும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு தூணுக்குப் பின்னால நின்னு பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். மூணு வருஷம் கூடவே இருந்துக்கிட்டு ஒருத்தனுக்கு இப்படிச் செய்யலாமா? மனுசனா அவரு? இன்னைக்கும் நினைச்சா வயிறு எரியுது.

நான் அப்படி இல்லை. நான் நூத்திப் பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தவன். ஒண்ணே ஒண்ணு. ஒரு வரி. அது வகுப்புல நேர்ல காட்ட வேண்டிய விஷயம், அப்படித்தான் நினைச்சு வச்சிருந்தேன். செய்முறைன்னு வந்தா தவசிமுத்துவைக் கூப்பிடாம நடக்காதுல்லா. கூப்பிடட்டும்னு இருந்தேன். கூப்பிடாதது யாரு தப்பு?

போன வருஷம் ஆடியில மேடம் போன் பண்ணுனாங்க. நம்பரைப் பாத்தும் என்னவோ எடுத்துட்டேன். "சார், புத்தகத்துல ஒரு திருத்தம் வந்திருக்கு. ராமநாதபுரம் பக்கம் மண்டபம் ஊர்ல ஐஸ் பேக்டரியில வேலை பாக்கிறவர் ஒருத்தர் அனுப்பியிருக்கார். நாப்பத்தொண்ணாம் பக்கத்துல ஒரு வரி சேர்க்கணும்னு. நிபுணர்கள் பாத்துட்டாங்க, சரின்னுட்டாங்க. புதுப் பதிப்புல போடுறோம். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு..."

வரியை வாசிச்சாங்க. என் வரி, தங்கச்சி. நான் மடியில வச்சிருந்த அதே வரி.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? பஸ் ஏறிட்டேன், மறுநாளே. என் புத்தகத்துல கை வைக்க நீ யாருடான்னு கேக்கணும். நெட்டுல இருந்து இலவசமா எடுத்துப் படிச்சவன், எனக்கே திருத்தம் எழுதுதானா? ராமநாதபுரம் போற வரைக்கும் வாயிக்குள்ளயே பேசிப் பாத்துக்கிட்டு போறேன். பக்கத்துல இருந்தவன் எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிட்டான்.

ஆளு பேரு சீனி காதர். நாப்பது வயசு இருக்கும். பேக்டரி வாசல்லயே நின்னான். பேரைச் சொன்னதும் அப்படியே வந்து கையைப் பிடிச்சான். இடது கையால. வலது கையைப் பின்னால வச்சிருந்தான்.

"அண்ணே, நீங்களா? வாங்கண்ணே, வாங்க. ஏய், நம்ம புத்தகம் எழுதுன அண்ணன்டா, வந்து பாருங்கடா."

நாலைஞ்சு பேர் வந்துட்டான். எனக்கு வாயில வச்சிருந்த பேச்செல்லாம் எங்க போச்சுன்னு தெரியலை. உள்ளே கூட்டிட்டுப் போயி நாற்காலியைத் துடைச்சுப் போட்டான். நன்னாரி சர்பத் வந்துச்சு. அதை நீட்டும்போதுதான் வலது கையைப் பாத்தேன். மூணு விரல் ஒட்டிக் கிடக்கு. தோல் மெழுகு உருகி உறைஞ்ச மாதிரி.

"என்னப்பா இது?"

"எண்ணெய் வடிக்கப் போனேண்ணே. புத்தகத்துல போட்ட மாதிரியே வால்வைக் கால் சுத்து திறந்தேன். ஒரு சொட்டு வரலை. அரைச் சுத்து திறந்தேன். வரலை. சரி, முழுசாத் திறந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னான். நீங்களும் இத்தனை மாசத்துல தெரிஞ்சிருப்பீங்க, அந்தக் குளிர்ல எண்ணெய் கெட்டியாகி அடைச்சு நிக்கும். அடைப்புக்குப் பின்னால அம்மோனியா திரவமா நிக்கும். முழுசாத் திறந்துட்டு நின்னா, அடைப்பு விட்டதும் என்ன ஆகும்?

"ஆனா ஒண்ணுண்ணே"ங்கான். "மூஞ்சியிலயும் அடிச்சுச்சு. கண்ணு ரெண்டும் போயிருக்கணும். உங்க பன்னிரண்டாம் பக்கம் ஞாபகம் வந்துச்சு. யோசிக்கலை, தொட்டியில குதிச்சுட்டேன். தொட்டியை நான்தான் முந்தின மாசம் சொல்லிக் கட்ட வச்சது, உங்க புத்தகத்தைக் காட்டி. அல்லா காப்பாத்துனான், உங்க புத்தகமும் காப்பாத்துச்சு. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே யோசிச்சேன். இவ்வளவு எழுதுன மனுசன் இதை எழுதாம இருந்திருக்க மாட்டாரு. டைப் அடிக்கும்போது ஒரு வரி விட்டுப்போச்சு போல. அப்புறம் பழைய ஆளு ஒருத்தருட்டக் கேட்டு, அந்த வரியை இடது கையால எழுதி அனுப்புனேன். திருத்துனது யாருன்னு பேரு கேட்டாங்கண்ணே. நான் எதுக்கு? எழுதுனவரு அவருதான், விடுபட்டதுன்னு போடுங்கன்னுட்டேன். சரிதானேண்ணே? டைப் அடிச்சவங்கதானே விட்டது?"

சுத்தி நாலைஞ்சு பேரு நிக்கான். சர்பத் கையில இருக்கு.

"ஆமாப்பா. டைப் அடிச்சவங்கதான்"னேன்.

சாப்பாடு போட்டு, பஸ்ஸுக்கு வந்து ஏத்திவிட்டுத்தான் போனான். ஜன்னல் வழியா ஒரு பை கருவாடு வேற.

யோசிச்சுப் பாருங்க. அவன் செஞ்சதும் துரோகம்தானே? மடியில ஒண்ணு வச்சிருந்தேன், அதையும் அவுத்து நடுரோட்டுல போட்டுட்டான். இனிமே செய்முறைக்கு யாரு என்னைத் தேடி வருவா? கோவப்படலாம்னா, கோவப்படுறதுக்கும் இடம் வைக்கலை அந்தப் பாவி. என் பேரையே போட்டிருக்கான்.

அதுக்கப்புறம் நானே ஒருநாள் மேடத்துக்கு போன் பண்ணி, "டைப் அடிச்ச பிள்ளை ஒரு வரியை விட்டுருச்சாமே, கொஞ்சம் கவனமா இருக்கக் கூடாதா"ன்னேன். சொல்லி வைக்கணும்லா, அவன்ட்டச் சொல்லியாச்சே. மேடம் மெதுவா, "சார், உங்க நோட்டு நாலும் எங்கிட்டத்தான் இருக்கு"ன்னாங்க. அதோட வச்சுட்டாங்க. அன்னையில இருந்து போன் கிடையாது. ஒரு பொங்கல் வாழ்த்துகூடக் கிடையாது. காரியம் ஆகுற வரைக்கும்தான் சாரு மோருன்னு கூப்பிடுறது. பாத்தீங்களா மனுசங்களை?

பாலம் வந்துட்டு. தண்ணி நல்லா போகுது இந்த வருஷம்.

நீங்க என்ன, இன்னைக்கு இவ்வளவு காலையில? செய்முறைத் தேர்வா? இன்னைக்கா? எதுல வச்சிருக்காங்க?

எண்ணெய் வடிக்கிறதா.

சரி, சரி. அதுக்கென்ன. புதுப் பதிப்புல எல்லாம் தெளிவா இருக்கு. நாப்பத்தொண்ணுல கட்டம் கட்டிப் போட்டிருக்கான், நானே நெட்டுல போயிப் பாத்தேன். அதைப் படிச்சுட்டுப் போனீங்கன்னா...

இருங்க.

இது எந்தப் பதிப்பு? இதுல கட்டத்தைக் காணோம். முப்பத்தொன்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு. "கால் சுத்து திற. எண்ணெய் சொட்டும்." அடுத்து நாப்பத்திரெண்டு. நடுவுல ஒண்ணும் இல்லை. இது பழசா? யாரு கொடுத்தா? நாத்தனாரா, அவங்க ரெண்டு வருஷம் முந்திப் படிச்சதா. மையத்துல புதுசு கொடுக்கலையா உங்களுக்கு? கொடுத்தாங்க, ஆனா இதுல அவங்க அடிக்கோடு போட்டு வச்சிருக்கிறது வசதின்னு இதையே படிச்சீங்க. முழுசும் மனப்பாடம். ம்.

வகுப்புல வடிச்சுக் காட்டியிருப்பாங்களே? நல்லா சொட்டுச்சா. எப்பவுமே நல்லா சொட்டுச்சா. அடைச்சு நின்னு பாக்கலை நீங்க.

என்னை ஏன் அப்படிப் பாக்கீங்க? நான் ஒண்ணும் யோசிக்கலை. ஆமா, யோசிச்சேன். இந்த ஒரு புத்தகத்துல இன்னும் அது என் மடியிலதான் இருக்குன்னு யோசிச்சேன். ஒரு நிமிசம்தான். இருபத்தி ரெண்டு வருஷப் பழக்கம் தங்கச்சி, கை தானாவே மடிக்குத்தான் போகுது.

உங்க விரலைக் காட்டுங்க. இறால் அரிச்ச தழும்பா இது? வலது கையிலதான் அதிகம்.

பேனா இருக்கா? கண்டக்டர் தம்பி, அந்தப் பேனாவைக் கொஞ்சம் கொடுங்க. ஒரு நிமிசம்யா, விசிலை அப்புறம் ஊதலாம். நீங்களே எழுதுங்க, உங்க கையால எழுதுனாத்தான் நிக்கும். நாப்பத்தொண்ணு, "சொட்டும்"னு இருக்குல்லா, அதுக்குக் கீழே. எண்ணெய் வராவிட்டால் வால்வை மேலும் திறக்காதே. மூடு. எழுதிட்டீங்களா? மூடு. குழாய் மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் பொறு. கொதிக்கிற தண்ணி வேண்டாம், வெதுவெதுப்பு. பிறகு மறுபடியும் கால் சுத்து மட்டும் திற. குழாய் வாய்க்கு நேரா நிக்காதே, பக்கத்துல நில்லு, காத்து முதுகுல அடிக்கணும். வால்வுல இருந்து கையை எடுக்காதே. எவன் கூப்பிட்டாலும் எடுக்காதே.

திருப்பிச் சொல்லுங்க. மூடு, தண்ணி, பத்து நிமிசம். இன்னொரு தரம்.

சரி. இறங்குங்க, ஸ்டாப்பு வந்துட்டு. வாசல்ல நிக்கிறது அவங்கதானே, தலையில கண்ணாடி? நான் இந்தப் பக்கம் குனிஞ்சுக்கிடுதேன். அவங்க எனக்குச் செஞ்சது துரோகம்தான், அதுல மாத்தமே இல்லை.

தங்கச்சி, ஒண்ணு. இந்தக் கையெழுத்து வரி யாரு சொன்னதுன்னு கேட்டா, பஸ்ஸுல ஒரு ஆளு சொன்னாருன்னு சொல்லுங்க. பேரு தெரியாதுன்னு சொல்லுங்க.

என் பேரை மட்டும் சொல்லிராதீங்க.